குரங்குக் கங்காணியின் தீவு

போன விடுமுறைக்கு எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பம் மெர்சிங்கில் படகு ஏறி அந்தத் தீவுக்குப் போய்விட்டு வந்தது. அரசாங்கம் இப்போது அந்தக் கடலையும் மீனையும் காப்பாற்றுகிறதாம். தூண்டில் போடக் கூடாது, பவளப் பாறையை மிதிக்கக் கூடாது. கண்ணாடி மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மீன் பார்க்கலாம், மலை ஏறலாம், கூடாரம் போட்டுத் தூங்கலாம். இதற்கெல்லாம் காசு கட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு பெரிய குரங்கு வந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தின் மேல் உட்கார்ந்து முறைத்ததாம். அந்த அம்மாள் அதை நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் குரங்கின் பாட்டன் பூட்டனை எனக்கு நன்றாகத் தெரியும்.

நாங்கள் அங்கே போனது மீன் பார்க்க அல்ல. கப்பல் ஏறாமல் இருக்கப் போனோம்.

ஜொகூரில் செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்னும் கூலி வீட்டு வரிசையில் பிறந்தவள் நான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பால் மரம் தெரியும். கல்யாணமாகிச் சில வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் அடுத்தடுத்த நிரையில், அதாவது மர வரிசையில், பால் வெட்டினோம். அப்போதுதான் ரப்பர் விலை விழுந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்தார்கள். விடியுமுன் எல்லாரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். ஒரு நாள் பெரட்டில் எங்கள் இரண்டு பெயரையும் கூப்பிடவில்லை. எங்களை வேலை வாங்கும் கங்காணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். வேலை இல்லாதவர்களை வெள்ளைக்கார அரசாங்கமே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

“ஊருக்குப் போயிரலாம் புள்ள,” என்றார் என் வீட்டுக்காரர்.

யாருடைய ஊருக்கு? அவர் அங்கே பிறந்தவர். மீசை முளைக்கும் வயதில் கப்பலேறி வந்தவர். அவருக்கு அங்கே அம்மா இருந்தார். அந்த அம்மாவுக்கென்று ஓர் அரக்கு நிறச் சேலை வாங்கித் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். என்றைக்காவது போகும்போது கையில் கொடுக்க வேண்டுமாம். எனக்கு ஒரு நூல்கூட வாங்கித் தராத மனிதர், அந்தச் சேலைக்கு மட்டும் மாதம் ஒரு தடவை வெயில் காட்டுவார். எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? என் அம்மாவும் அப்பாவும் தோட்டத்துச் சுடுகாட்டில் இருக்கிறார்கள். நான் கடலையே பார்த்ததில்லை. கப்பல் ஏற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

மெர்சிங்கில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் வியாபாரி ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அவரை எல்லாரும் நானா என்று கூப்பிட்டார்கள், அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். ஒரு தீவில் அவருக்குத் தென்னந்தோப்பு இருந்தது. காவலுக்கு இருந்த ஆள் விட்டுவிட்டுப் போயிருந்தார். பாதி வழி லாரியிலும் மீதி நடந்துமாகப் போய் நானாவின் கடை வாசலில் நின்றோம்.

“தோப்பப் பாத்துக்கணும். விழுற தேங்காயப் பொறுக்கி, உரிச்சு, காய வைக்கணும். கொரங்க வெரட்டணும்,” என்றார் நானா. “வடகெழக்குக் காத்து வந்துருச்சுன்னா நாலு மாசம் படகு வராது. அதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவ அரிசி கொண்டாந்து போடுவேன். இருக்கிறதா, போறதான்னு அப்பச் சொல்லுங்க.”

படகில் என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. தீவு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார். “கடைசிப் படகு வரட்டும். அதுவரைக்கும் பாப்போம். ஆகலன்னா ஊருக்குத்தான். சரியா?”

“சரி,” என்றேன். ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆக்கிக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

தீவு என்றால் நடுவில் ஒரு மலை, சுற்றிக் காடு, காட்டின் ஓரத்தில் எங்கள் தோப்பு, தோப்பின் காலடியில் மணல். மலைக்கு அந்தப் பக்கம் சில மலாய் மீனவர் வீடுகள். எங்கள் பக்கம் ஓர் ஓலைக் குடிசையில் நாங்கள் இருவர், மற்றபடி எல்லாம் குரங்கு. வால் நீண்ட சாம்பல் குரங்குகள், கூட்டம் கூட்டமாக. இளநீர்க் குரும்பையைத் திருகிக் கீழே போடுவது அவற்றுக்கு விளையாட்டு. கூட்டத்துக்குத் தலைவன் ஒரு பெரிய ஆண் குரங்கு. மற்றவை மரத்துக்கு மரம் தாவிப் பாடுபடும்போது அது மட்டும் ஒரு மட்டையில் சாய்ந்து உட்கார்ந்து மேற்பார்வை செய்யும். வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். எந்தக் குட்டியாவது நெருங்கினால் ஓர் உறுமல்.

முதல் வாரமே என் வீட்டுக்காரர் அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்துவிட்டார். தோட்டத்தில் கங்காணிக்கு முன் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து நின்ற மனிதர், இங்கே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து கத்துவார்: “டேய் கங்காணி! ஒன் அப்பன் வீட்டுத் தேங்காயாடா? எறங்குடா கீழ!” கங்காணி பல்லைக் காட்டும். இவரும் காட்டுவார். அந்த மனிதரிடம் இத்தனை கோபம் இருந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது. திட்டி முடித்தபின் முகம் தெளிந்து வந்து கஞ்சி குடிப்பார்.

எனக்குக் கடல்மேல் பயம். ஆனால் தீவில் இருந்துகொண்டு கடலுக்குப் பயந்தால் வேலைக்காகுமா? தண்ணீர் வற்றும்போது குரங்குகளே மணலில் இறங்கிப் பாறை இடுக்கில் நண்டு பிடித்துத் தின்னும். குரங்கு இறங்கும் தண்ணீரில் நான் இறங்கக் கூடாதா என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் குனிந்து பார்த்தால் கீழே ஒரு தனி ஊரே நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் பூசியது போன்ற மீன், நீலக் கோடு போட்ட மீன், பூவென்று நினைத்துத் தொடப் போனால் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று. ஒரு நாள் என் கால் பக்கத்திலேயே ஓர் ஆமை அவசரமே இல்லாமல் நீந்திப் போனது. வற்றிய முள் மரத்தைப் போன்ற பவளத்தை மிதித்துப் பாதத்தைக் கிழித்துக்கொண்டேன். அதற்காக விடவில்லை. இரண்டு நெற்றுத் தேங்காயை அதன் மட்டை நாராலேயே சேர்த்துக் கட்டி, நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு மிதக்கப் பழகினேன். எத்தனை வாய் உப்புத் தண்ணீர் குடித்தேன் என்று கேட்காதீர்கள்.

அந்தப் பக்கத்து மலாய்க் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் அடிக்கடி கரையோரமாக வருவாள். கைக்குழந்தைக்காரி. அவளை நான் காக் என்பேன், மலாயில் அக்கா. நான் தேங்காயைக் கட்டிக்கொண்டு மிதப்பதைப் பார்த்து மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் அவள்தான். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்கு மலாய் தெரியும். அது போதுமாக இருந்தது.

வாரத்தில் ஒரு நாள் மலை ஏறுவோம். எங்கள் குடிதண்ணீர்ச் சுனை எங்கே அடைத்துக்கொண்டது என்று பார்த்து, சருகை அள்ளிவிட்டு, அப்படியே மேலே மேலே போவோம். வழியில் உடும்பு ஒன்று முதலைக்குத் தம்பி போல ஊர்ந்து போகும். உச்சியில் மொட்டைப் பாறை. அதன் மேல் நின்றால் மேற்கே ஜொகூர்க் கரை நீலமாகத் தெரியும். நமக்குச் சமமான உயரத்தில் வெள்ளை வயிற்றுக் கடல் கழுகு சுற்றிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் அந்தக் கரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்ப்பது கரையை அல்ல, அதற்கும் அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன். மனதுக்குள் மட்டும் எரியும்.

அப்படி நாள் போய்க்கொண்டிருக்கையில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

தோட்டத்தை விட்டு வந்தாலும் என் உளி என் இடுப்பை விட்டு வரவில்லை. பால் வெட்டும் உளியைச் சொல்கிறேன். புது மரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. பட்டையில் லேசாக ஒரு கீறு கீறிப் பால் வருகிறதா என்று பார்ப்பேன். பால் வெட்டிப் பழகியவர்கள் எல்லாருக்கும் இந்த நோய் உண்டு. ஓடை கடலில் சேரும் இடத்தில், உப்புச் சேற்றோரம் சில மரங்கள் நின்றன. இலை பழுத்துச் சிவந்து உதிரும். ஒன்றைக் கீறினேன். வெள்ளை வெளேரென்று பால் வழிந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்தத் தீவிலும் பால் மரம் இருக்கிறது, இதை வெட்டினால் நானாவே நம்மைப் போகச் சொல்ல மாட்டார் என்று மனக்கோட்டை கட்டத் தொடங்கிவிட்டேன். தோட்டத்தில் செய்வது போலவே இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து இழுத்துப் பார்த்தேன், ரப்பராக இழுபடுகிறதா என்று. வெயில். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. அதே கையால் துடைத்துவிட்டேன்.

மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தவர்களுக்குக் கொஞ்சம் புரியும். அதைப் போலப் பல மடங்கு. நான் போட்ட கூச்சலில் குரங்குக் கூட்டமே அமைதியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுனை ஓடையில் முகத்தை அமுக்கிக் கழுவினார். பிறகு மலாய்க் குடியிருப்புக்கு ஓடினார். காக் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே வந்தாள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

“ஜாங்கான் கோசோக்!” என்று என் கையைத் தட்டிவிட்டாள். தேய்க்காதே என்று அர்த்தம். அந்த மரத்தை அவர்கள் புத்தா மரம் என்கிறார்கள். குருட்டு மரம். ஊர்ப் பேரே எச்சரிக்கையாக இருக்கும்போது, யாரையும் கேட்காமல் கீறியவள் நான்தான்.

மறுபடி மறுபடி நல்ல தண்ணீரால் கழுவினாள். பிறகு என் தலையை மடியில் சாய்த்து, இமையைப் பிரித்து, தன் முலைப்பாலைக் கண்ணில் பீய்ச்சினாள். எங்கள் லயத்திலும் கண்ணுக்கு இதைத்தான் செய்வார்கள். பாஷை வேறு, மதம் வேறு, வைத்தியம் மட்டும் எப்படி ஒன்றானது? வலியிலும் அதை நினைத்தேன். பக்கத்தில் பசிக்கு அழுத அவள் குழந்தையின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. பல வருஷம் கழித்து, சிதம்பரத்தில் கும்பிடும் தில்லை மரமும் இதே மரம்தான் என்று ஒருவர் சொன்னார். கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றிருக்க வேண்டும்.

கண் திறக்கவில்லை. வீங்கி ஒட்டிக்கொண்டது. விரலால் இமையைப் பிரித்தால் பால் நிறத்தில் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். காக் தினமும் வந்தாள். “பாயிக், பாயிக்,” என்றாள், நல்லாகிவிடும் என்று. எப்போது என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் தகரப் பெட்டியின் மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் துணி மடிக்கிறார் என்று புரிந்தது. கண் போனதைவிட அந்தச் சத்தம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வெளியே வந்தேன்.

பால் வெட்டுகிறவள் விடியாத இருட்டில் நிரைக்குள் போகிறவள். எந்த மரம் எங்கே, எங்கே வேர் தடுக்கும், எங்கே பள்ளம் என்று காலுக்குத் தெரியும். இருட்டு எனக்குப் புதிதா? தோப்பிலும் தென்னையை நேர்கோட்டில்தான் வைத்திருந்தார்கள். முதல் மரத்தைத் தொட்டேன், கையை நீட்டி அடுத்த மரத்தை நோக்கி நடந்தேன், விழுந்தேன். எழுந்து மறுபடி நடந்தேன். இரண்டு நாளில் ஒரு நிரை என் வசம் வந்தது. பிறகு அடுத்தது. காலால் துழாவித் தேங்காயைக் கண்டுபிடித்துக் கடைசி மரத்தடியில் குவித்தேன். என் வீட்டுக்காரர் தடுக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. சற்றுத் தள்ளிப் பின்னாலேயே வருவார். அவர் செருமல் கேட்கும்.

கண் இல்லாத அந்த நாட்களில்தான் தீவை நான் சரியாகக் கேட்டேன் என்று தோன்றுகிறது. தண்ணீர் வற்றியதைக் குரங்குகள் கடற்கரைக்கு இறங்கும் கீச்சொலி சொல்லிவிடும். சருகில் நிறுத்தி நிறுத்திச் சரசரத்தால் கோழி, விடாமல் இழுபட்டால் உடும்பு. பொழுது சாய்ந்தால் பழந்தின்னி வௌவால்கள் வாதாம் மரத்தில் சம்பள நாள் கூட்டம் போலச் சண்டை போடும். ஒரு காலை வாசலில் நின்றபோது காற்று வலது கன்னத்தில் அடித்தது. முந்தின நாள் வரைக்கும் அது முதுகுப் பக்கம்தான் வந்தது.

“காத்து திரும்பிருச்சுங்க. படகு சீக்கிரம் வந்துரும்,” என்றேன்.

“வரட்டும்,” என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

படகு வந்தது. நானாவே வந்திருந்தார். நான் கண்ணில் துணி கட்டியபடி மணலில் நின்றேன்.

“என்னம்மா தங்கச்சி, கண்ணுல என்ன?”

“மரத்துப் பால் பட்டுருச்சு நானா. சரியாயிரும்.”

“அலமாக்! புத்தா மரமா? தம்பி, பெட்டியத் தூக்கு. ரெண்டு பேரும் ஏறுங்க. அலை ஏறுது, ரொம்ப நேரம் நிக்க முடியாது.”

பெட்டி ஏற்கெனவே மணலில் இருந்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். “வா புள்ள. ஆஸ்பத்திரில காட்டுவோம்.”

“காட்டிட்டு?”

அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“காட்டிட்டு எங்க போவோம்? கண்ணு தெரிஞ்சப்பவே தோட்டத்துல பேர் கூப்புடல. இப்ப யாரு கூப்புடுவா? நேரா கப்பலுக்குத்தான்.”

“கப்பல்னா எமனா? அங்க எங்கம்மா இருக்காங்க.”

“ஒங்களுக்கு இருக்காங்க. நீங்க போங்க. நான் கோவத்துல சொல்லல. பெத்தவங்களப் பாக்கணும்னு இருக்கு, போய்ப் பாருங்க. நான் வரல.”

“கண்ணு தெரியாம ஒத்தையா இருந்து என்ன செய்வே?” என்றார் நானா.

“நிரை இருக்கு. தேங்கா விழும். பொறுக்குவேன். அந்தக் கரையில காக் இருக்கு. அரிசிய மட்டும் எறக்கிட்டுப் போங்க நானா.”

கையை உருவிக்கொண்டு திரும்பி நடந்தேன். மணல் முடிந்து புல் காலில் பட்டது. முதல் மரம் கைக்கு வந்தது. பின்னால் அரிசி மூட்டை விழும் சத்தம். பெட்டி படகுப் பலகையில் உராயும் சத்தம். யாரோ மலாயில் அவசரப்படுத்தினார்கள். பிறகு படகின் அடி மணலைக் கீறிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் திரும்பவில்லை. துணிக்குள் கண் நனைந்து எரிந்தது. பால் பட்ட எரிச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். அழுதேன், அதுதான் உண்மை. அழுதுகொண்டே இரண்டாவது மரத்துக்கும் மூன்றாவது மரத்துக்கும் நடந்தேன். அவர் இல்லாமல் எப்படி உலை வைப்பது, எப்படி மூடியைத் திறப்பது, மழை இறங்கினால் கூரையை யார் பார்ப்பது என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கேள்வி வந்தது. கேள்வி வரட்டும், கால் நிற்கக் கூடாது என்று நடந்தேன். கால் தேங்காயில் இடித்தது. குனிந்து எடுத்து இடுக்கிக்கொண்டேன்.

மேலே மட்டை சலசலத்தது. பொத்தென்று ஒரு குரும்பை என் பக்கத்தில் விழுந்தது. இன்னொன்று. ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டான் பாவி, இனி தோப்பே அவனுடையது என்று நினைத்தேன்.

“டேய் கங்காணி!”

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“குருட்டுப் பொம்பளைன்னு எளக்காரமாடா? ஒன் அப்பன் வீட்டுத் தேங்காயாடா? எறங்குடா கீழ!” ஒரு கல் மட்டையில் பட்டுத் தெறித்தது. குரங்கு உறுமியது. இவரும் உறுமினார். ஈரக் காலோடு சருகை மிதித்துக்கொண்டு வந்து என் கையிலிருந்த தேங்காயை வாங்கிக்கொண்டார்.

“போவலயா?” என்றேன்.

“ஏறி உக்காந்துட்டேன். நீ ஒரு தடவயாச்சும் திரும்பிப் பாப்பேன்னு பாத்தேன். பாத்திருந்தா நெஞ்சு ஆறி அப்படியே ஊருக்குப் போயிருப்பேன். திரும்பவே இல்ல. எவ்வளவு திமிரு ஒனக்கு!”

“கண்ணு தெரியாதவ திரும்பி என்னத்தப் பாக்க?”

அவர் வேட்டியைப் பிழிந்த தண்ணீர் சருகில் சொட்டியது. பிறகு இழுத்தாற்போல, “பெட்டி போயிருச்சு புள்ள,” என்றார்.

இடுப்புத் தண்ணீரில் குதித்தவர் பெட்டியை மறந்துவிட்டார். எங்கள் துணி முழுக்க, அவர் அம்மாவின் சேலையோடு, மெர்சிங்குக்குப் போய்விட்டது. அந்த மழைக்காலம் பூராவும் உடுத்த மாற்று இல்லாமல், ஒன்று காயும்வரை அரிசிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு இருந்தோம். என் கண் மெல்ல மெல்லத் திறந்தது. முதலில் தெளிவாகப் பார்த்தது, சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கொட்டும் மழையில் அண்ணாந்து குரங்கோடு வழக்காடும் என் வீட்டுக்காரரைத்தான்.

காற்று அடங்கி முதல் படகு வந்தபோது நானா பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் அதைத் திறந்து, அடியில் கையை விட்டு, அரக்குச் சேலையை எடுத்தார். வெயிலில் உதறினார். மாதாமாதம் உதறுவது போலத்தான் உதறினார். மறுபடி மடிப்பார் என்று நின்றேன். என்னிடம் நீட்டினார்.

“கட்டிக்க.”

“இது ஒங்கம்மாவுக்கு.”

“தெரியும். கட்டிக்க.”

அதை வாங்கிக்கொண்டு குடிசைக்குள் போய்க் கட்டினேன். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தேங்காய் பொறுக்க நிரைக்குள் போனேன்.